முடிவை மாற்றக்கூடிய பேச்சு: ஜனநாயகப் பள்ளியில் குழந்தைகளோடு உரையாடுவது எப்படி

தன் விதிகளைக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்வதால் ஜனநாயகப் பள்ளி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் எந்தப் பள்ளியிலும் குழந்தைகள் பேசுவதற்கு ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கும். வாரக் கூட்டம் நடக்கும்; கருத்துப் பெட்டி தொங்கும்; தீர்மானங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இவ்வளவும் இருந்தும் அங்கே உரையாடல் என்று ஒன்று நடக்காமலே போகலாம். குழந்தைகள் பேசியதால் பெரியவர் ஒருவர் எடுத்திருந்த முடிவு எப்போதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். ஓர் ஆண்டு முழுவதும் நடந்த கூட்டங்களில் பெரியவர்கள் கொண்டுவந்த யோசனை ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றால், அந்தப் பள்ளியில் குழந்தைகளின் கருத்து கேட்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்கும் அது சீக்கிரமே புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு, கேட்கப்படும்போது மட்டும், எதிர்பார்க்கப்படும் பதிலை மட்டும் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கும், தம்முடைய வகுப்பிலாவது இதைத் தொடங்கிப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 12ஆவது பிரிவில், தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தப் பிரிவின் முதல் பாதி எளிதாக நிறைவேறிவிடுகிறது. இரண்டாம் பாதியில்தான் பள்ளிகள் தடுமாறுகின்றன. குழந்தைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992இல் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அதன் கீழ் மூன்று படிகளை, அதாவது குழந்தையைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயரளவுக்குக் கருத்துக் கேட்பது ஆகியவற்றை, பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007இல் அதே 12ஆவது பிரிவை நான்காகப் பிரித்துக் காட்டினார்: பேசுவதற்கு இடம், பேசத் துணை, கேட்பதற்குப் பொறுப்புள்ள ஆள், பேச்சுக்கு விளைவு. பள்ளியில் எது குறைகிறது என்று தேடுகிறவர்களுக்கு இந்த நான்கும் நல்ல அளவுகோல். என் அனுமானத்தில், பெரும்பாலான பள்ளிகளில் குறைவது கடைசி இரண்டும்தான்.

எல்லையை முதலில் சொல்லிவிடுங்கள்

உரையாடலைத் தொடங்கும் முன், எவை எவை பேச்சால் மாறக்கூடியவை என்பதைப் பெரியவர்கள் தங்களுக்குள் தெளிவாக முடிவு செய்துகொண்டு, குழந்தைகளிடம் ஒளிவுமறைவில்லாமல் அறிவித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு எவ்வளவு அன்பாகப் பேசினாலும் பயனில்லை. எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யலாம் என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டு, முதல் சங்கடமான தீர்மானம் வந்தவுடன் அதைத் தள்ளுபடி செய்யும் பெரியவர், எல்லையைக் குறுக்கி வைத்துக்கொண்டு அதற்குள் நேர்மையாக நடக்கும் பெரியவரைவிட அதிகமான கெடுதலைச் செய்கிறார்.

எல்லையை எங்கே வரைவது என்பதில் உலகின் பழைய ஜனநாயகப் பள்ளிகளே ஒன்றுபோல் இல்லை. ஸ்காட்லாந்துக் கல்வியாளர் ஏ. எஸ். நீல் 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, 1927 முதல் சஃபோக் மாவட்டத்தின் லெய்ஸ்டன் என்ற ஊரில் நிலைபெற்ற சம்மர்ஹில் என்ற விடுதிப் பள்ளியில், அன்றாட வாழ்க்கையின் விதிகள் பள்ளிக் கூட்டத்தில் வாக்கெடுப்பின் மூலம் முடிவாகின்றன. ஆறு வயதுக் குழந்தையின் வாக்குக்கும் தலைமையாசிரியரின் வாக்குக்கும் ஒரே மதிப்பு. ஆனால் ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதும் உயிருக்கு ஆபத்தான விஷயங்களில் கட்டுப்பாடு விதிப்பதும் அங்கே பெரியவர்களின் பொறுப்பு. 1968இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி இன்னும் ஒரு படி மேலே போய், பணியாளர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்பதையே மாணவர்களும் வாக்களிக்கும் விஷயமாக ஆக்கியது. இரண்டு பள்ளிகளும் பல பத்தாண்டுகளாக நிலைத்திருப்பதற்கு, தத்தம் எல்லை எது என்பது அங்குள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும் என்பதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

நடைமுறையில் ஒரு பெரிய தாளில் மூன்று பகுதிகள் வரைந்து, பள்ளியின் விஷயங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். முதல் பகுதியில், எல்லோரும் சேர்ந்து வாக்களித்து முடிவு செய்பவை. இரண்டாவதில், குழந்தைகளின் கருத்தைக் கட்டாயம் கேட்ட பிறகு பெரியவர்கள் முடிவு செய்து, காரணத்தையும் சொல்ல வேண்டியவை. மூன்றாவதில், சட்டத்தாலோ பாதுகாப்புக் காரணத்தாலோ பேச்சுக்கு இடமில்லாதவை. மூன்றாம் பகுதி சிறியதாக இருக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தை ‘ஏன்’ என்று கேட்டால் சொல்லக்கூடிய காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். ‘வழக்கம் அப்படி’ என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காத விஷயத்தை, அதே நேரத்தில் முதல் பகுதிக்கு மாற்றிவிடுங்கள். தாளை எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வையுங்கள். ஒரு விஷயம் எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்பதையே குழந்தைகள் கேள்வி கேட்கலாம் என்பதையும் அதில் எழுதி வைப்பது நல்லது.

கூட்டத்துக்கு வெளியேதான் பேச்சு பழகுகிறது

தாழ்வாரத்திலும் விளையாட்டு மைதானத்திலும் பெரியவரிடம் பேசிப் பழகாத குழந்தை, கூட்டத்தில் திடீரென்று எழுந்து பேசிவிடாது. ஆகவே கூட்டத்தை ஏற்பாடு செய்வதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அன்றாடப் பேச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இதில் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் அவசரம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அந்தக் காத்திருப்பை 3 விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது, குழந்தைகளின் பதில்கள் நீண்டன. பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. அவர்களே கேள்வி கேட்பது கூடியது. குழந்தை பேசி முடித்த பிறகும் அதே இடைவெளியை விட வேண்டும் என்பது இந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி. குழந்தை ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தும். நாம் உடனே ‘நல்லது’ என்று சொல்லி முடித்துவிடுவோம். அங்கே சற்றுப் பேசாமல் இருந்தால், அது சொல்ல வந்த விஷயம் அடுத்த வாக்கியத்தில் வெளிவரும்.

அடுத்தது, விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விகளை விட்டுவிடுவது. ‘நீ செய்தது சரி என்று நினைக்கிறாயா?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் ஏற்கப்படும் என்பது குழந்தைக்குத் தெரியும். ‘அப்போது என்ன நடந்தது?’ என்று கேட்டால் குழந்தைக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே திருப்பிச் சொல்லி, ‘நான் புரிந்துகொண்டது சரியா?’ என்று கேட்பதும் நல்ல பழக்கம். சில நேரங்களில் குழந்தை ‘இல்லை’ என்று சொல்லும், அந்த ‘இல்லை’யிலிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும். நேரமில்லாதபோது நேரமில்லை என்று சொல்லி, எப்போது பேசலாம் என்பதையும் சொல்லி, அந்த நேரத்தில் நீங்களே தேடிப் போய் உட்காருங்கள். குழந்தை மறந்துபோயிருக்கலாம். நீங்கள் மறக்கவில்லை என்பதை அது நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

கூட்டத்தை நடத்துவது

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், எல்லோரும் வட்டமாக உட்காரக்கூடிய இடத்தில் கூட்டம் நடக்கட்டும். பேச வேண்டிய விஷயங்களின் பட்டியல் வாரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் தங்கள் பெயரோடு எழுதலாம், எழுதத் தெரியாத குழந்தைக்கு இன்னொருவர் எழுதித் தரலாம். எழுதப்பட்ட வரிசையிலேயே விஷயங்கள் எடுக்கப்படட்டும். தலைமையாசிரியர் எழுதியது பத்தாவதாக இருந்தால் பத்தாவதாகத்தான் வர வேண்டும்.

கூட்டத் தலைவராகப் பெரியவர் இருக்கக் கூடாது. தொடக்க வாரங்களில் முறையைக் காட்டித்தருவதற்காக ஒருவர் இருந்தாலும், விரைவில் வயதில் மூத்த மாணவர்களிடமும், பிறகு பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளிடமும் அந்தப் பொறுப்பு போக வேண்டும். தலைவரின் அதிகாரம் முழுமையானதாக இருக்கட்டும்: கை உயர்த்தாமல் பேசும் ஆசிரியரை நிறுத்துவதற்கும், இடைவிடாமல் பேசுகிறவரை உட்காரச் சொல்வதற்கும், தேவைப்பட்டால் வெளியே அனுப்புவதற்கும் அவருக்கு உரிமை உண்டு. பன்னிரண்டு வயதுத் தலைவர் ஒருவர், ‘உங்கள் முறை இன்னும் வரவில்லை’ என்று ஓர் ஆசிரியரிடம் சொல்லி, அந்த ஆசிரியர் கையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருக்கும் காட்சியைச் சிறு குழந்தைகள் பார்க்க வேண்டும். அரசியலமைப்பைப் பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும் அதற்கு ஈடாகாது.

ஒவ்வொரு விஷயமும் ஒரு திட்டவட்டமான யோசனையாக மாறிய பிறகே வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். முதலில் யோசனையைக் கொண்டுவந்தவர் பேசட்டும். பிறகு புரியாதவற்றை மட்டும் கேட்கும் சுற்று. அதன் பிறகே ஆதரவும் எதிர்ப்பும். கேள்விச் சுற்றை விட்டுவிட்டு நேராக விவாதத்தில் இறங்கும் கூட்டங்களில், பாதி நேரம் இல்லாத பிரச்சினையைப் பற்றிய சண்டையிலேயே போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வாசிப்பறைக்குப் பக்கத்தில் இசை அறை இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை ஒன்று, ‘இசை அறைச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது’ என்று பட்டியலில் எழுதியிருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே ஓர் ஆசிரியர் இதைப் பார்த்துவிட்டு, பறை முதலான பெரிய வாத்தியங்களைப் பிற்பகலில் மட்டும் வாசிக்கலாம் என்று ஒரு கால அட்டவணையைத் தயாரித்துக்கொண்டு வருகிறார். வாத்தியம் வாசிக்கும் பெரிய மாணவர்களும் சண்டைக்குத் தயாராக வருகிறார்கள். தலைவர் கேள்விச் சுற்றை அறிவிக்கிறார். ‘எந்த வாத்தியம் உனக்குத் தொந்தரவாக இருக்கிறது?’ என்று ஒரு மாணவி கேட்கிறாள். குழந்தை யோசிக்கிறது, யாரும் குறுக்கிடவில்லை. ‘வாத்தியம் எனக்குப் பிடிக்கும். கதவைத்தான் படார் என்று சாத்துகிறார்கள். நான் படிக்கும்போது தூக்கிவாரிப் போடுகிறது’ என்கிறது. ஆசிரியர் தன் அட்டவணையை மடித்து வைத்துக்கொண்டு, ‘என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். கதவின் விளிம்பில் தடித்த துணியை ஒட்டுவது என்று முடிவாகிறது. அதை ஒட்டும் வேலையை வாத்தியம் வாசிக்கும் மாணவர்களே ஏற்கிறார்கள். சத்தமாகத் திரும்பப் பெற்றுக்கொண்ட அந்த ஒரு வாக்கியத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அட்டவணையை அவர் பேசாமல் மறைத்து வைத்திருந்தால், பெரியவர் ஒருவர் மனம் மாறியது குழந்தைகளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பெரும்பான்மை வாக்கு ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் பில்ட்ஹோவனில் 1926இல் பள்ளி தொடங்கிய கல்வியாளர் கேஸ் பூகே, வாக்கெடுப்பில் தோற்றவர்கள் தீர்மானத்தை வெளியிலிருந்தே பார்ப்பார்கள் என்ற கவலையால், யாருக்கும் தீவிரமான ஆட்சேபணை இல்லாத முடிவைத் தேடும் முறையை வளர்த்தார். நூறு பேருக்கு மேல் இருக்கும் கூட்டத்தில் இது மெதுவாக நகரும்; இருபது பேர் இருக்கும் வகுப்பிலோ வாக்கெடுப்பைவிட நன்றாகவே வேலை செய்யும். சிறுபான்மையாக எப்போதும் ஒரே குழந்தைகள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தால் இந்த முறையைக் கட்டாயம் முயன்று பாருங்கள்.

சிறிய விஷயங்களை மட்டும் குழந்தைகளிடம் விட்டுவிட்டு, பள்ளியின் தலையெழுத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அப்படி இருக்கத் தேவையில்லை என்பதற்குச் சம்மர்ஹில் ஓர் எடுத்துக்காட்டு. சம்மர்ஹில் பள்ளியில் 1999இல் நடந்த அரசாங்க ஆய்வுக்குப் பிறகு, பாடங்களுக்குப் போவது குழந்தைகளின் விருப்பம் என்ற அதன் அடிப்படைக்கே ஆபத்து வந்தது. பள்ளி மேல்முறையீடு செய்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் நீதிமன்றக் கட்டடத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது அரசாங்கத் தரப்பு சமரசத்துக்கு முன்வந்தது. அதை ஏற்பதா என்று பெரியவர்கள் மட்டும் முடிவு செய்துவிடவில்லை. விசாரணை நடந்த அதே அறையில் குழந்தைகள் பள்ளிக் கூட்டத்தை நடத்தி, விவாதித்து, வாக்களித்து, ஏற்பது என்று முடிவு செய்தார்கள். பள்ளியின் தரத்தை மதிப்பிடும்போது மாணவர்களின் கருத்தும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும் என்பது அந்தச் சமரசத்தில் இடம்பெற்ற ஒன்று. வாராவாரம் மிதிவண்டியைப் பற்றியும் உறங்கும் நேரத்தைப் பற்றியும் பேசிப் பழகியிருந்ததால்தான் அந்த நாளில் அவர்களால் அப்படிப் பேச முடிந்தது.

பெரியவர் தன் கருத்தை என்ன செய்வது?

உரையாடல் என்றால் பெரியவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அது சரியில்லை. தன் எண்ணத்தை மறைத்துக்கொண்டு, குழந்தைகளே தானாக அந்த முடிவுக்கு வந்துவிட்டது போலத் தோன்றும்படி கேள்விகளால் தள்ளிக்கொண்டு போகும் பெரியவர், நேராகக் கட்டளையிடுகிறவரைவிட ஆபத்தானவர். கட்டளையை எதிர்க்க முடியும், இதை எதிர்ப்பதற்குப் பிடி கிடைப்பதில்லை. கருத்து இருந்தால் அதை உங்கள் கருத்தாகவே, காரணத்தோடு சொல்லுங்கள். ஆனால் முதலில் சொல்லாதீர்கள். குழந்தைகள் மூன்று நான்கு பேராவது பேசிய பிறகு கை உயர்த்துங்கள். ஒரு விஷயத்தில் ஒருமுறைக்கு மேல் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பின்போது குழந்தைகளின் கண்கள் உங்கள் கையை நோக்கிப் போவதைக் கவனித்தால், பெரியவர்கள் கடைசியில் கை உயர்த்துவது என்றோ, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பது என்றோ கூட்டத்திலேயே ஒரு விதியை யோசனையாக வையுங்கள்.

பெரியவர்கள் கூட்டத்துக்கு முன்பே ஒன்றுகூடி ஒரே குரலில் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு வருவதை அறவே தவிர்க்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே கூட்டத்தில் ஒருவரையொருவர் மரியாதையோடு மறுத்துப் பேசுவதைக் கண்ட பிறகே, பெரியவரை மறுத்தும் பேசலாம் என்ற நம்பிக்கை குழந்தைகளுக்கு வரும்.

புகாரும் சண்டையும்

போலந்து மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்ச்சாக், 1912இல் வார்சாவில் திறக்கப்பட்ட தன் அனாதை இல்லத்தில் குழந்தைகளின் நீதிமன்றம் ஒன்றை நடத்தினார். அந்த வாரம் தம்மீது வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளிலிருந்து குலுக்கல் முறையில் நீதிபதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் வழக்கைக் கைவிடுவதையும் மன்னிப்பதையும் பற்றியவை. கண்டனம் என்பதே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குழந்தைகள் பெரியவர்கள் மீதும் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே தன் நடத்தை தவறு என்று கருதியபோது தன்மீது வழக்குப் பதிந்து அந்தக் குழந்தை நீதிபதிகளின் முன் நின்றார். 1942இல் அந்த இல்லத்துக் குழந்தைகளோடு அவரும் ட்ரெப்ளிங்கா வதை முகாமில் கொல்லப்பட்டார். புகார் முறை ஒன்றை அமைக்க விரும்புகிற எந்தப் பள்ளியும் அவர் விட்டுச்சென்ற ஏற்பாட்டிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்: மன்னிப்பதற்கான வழிகள் தண்டிப்பதற்கான வழிகளைவிட அதிகமாக இருக்க வேண்டும், புகாரின் கதவு பெரியவர்களை நோக்கியும் திறந்திருக்க வேண்டும்.

எல்லாச் சண்டைகளும் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை. இரண்டு குழந்தைகளுக்கு இடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைக்கப் பயிற்சி பெற்ற மூத்த மாணவர்கள் சிலரை நியமித்தால் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். அவர்களிடம் சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான்: ஒருவர் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பிறகு கேட்டதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், அதன் பிறகே தன் பக்கத்தைச் சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. ஒரு குழந்தைக்கு உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ தீங்கு நடந்திருக்கிறது, அல்லது அது தன்னையே வருத்திக்கொள்கிறது என்ற ஐயம் வந்தால், அது கூட்டத்துக்குப் போகும் விஷயமே கிடையாது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘நீ சொல்வதை எல்லோரிடமும் பரப்ப மாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உனக்குத் தெரிவிப்பேன்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். பொறுப்பான குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் அன்றே தெரிவிப்பதும் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்வதும் பெரியவரின் கடமை. அந்தச் சுமையில் எந்தப் பங்கையும் குழந்தைகளின் தோளில் ஏற்றக் கூடாது.

பேசாத குழந்தை

எந்தக் கூட்டத்திலும் ஏழெட்டுப் பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கேற்புதான், ‘நீ ஏன் பேசுவதில்லை?’ என்று கூட்டத்தின் நடுவே கேட்பது கொடுமை. ஆனால் பேச விரும்பியும் முடியாமல் இருக்கும் குழந்தைக்கு வேறு வழிகள் திறந்திருக்க வேண்டும். பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தான் ஃப்ரெனேயின் வகுப்புகளில் சுவர்ப் பத்திரிகை ஒன்று இருந்தது. குறை சொல்வதற்கும், பாராட்டுவதற்கும், வேண்டியதைக் கேட்பதற்கும், செய்ததைச் சொல்வதற்கும் தனித்தனிப் பத்திகள். குழந்தைகள் வாரம் முழுவதும் எழுதினார்கள், வார இறுதியில் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பேசினார்கள். இன்றும் இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. பாராட்டுப் பத்தி இருப்பது முக்கியம்; குறைகளை மட்டும் பேசும் கூட்டத்துக்கு நாளடைவில் குறை உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள்.

சிறு குழந்தைகளுக்கு முன்கூட்டியே சிறு குழுவில் அந்த வார விஷயங்களைப் பேசிப் பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். நண்பர் மூலமாகத் தன் கருத்தைச் சொல்லலாம், படம் வரைந்து காட்டலாம். திக்கிப் பேசும் குழந்தையோ, கூட்டத்தின் மொழி வீட்டு மொழியாக இல்லாத குழந்தையோ பேசும்போது அதன் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

முடிவு எடுத்த பிறகு

ஒவ்வொரு தீர்மானத்தின் பக்கத்திலும் யார் செய்வது, எப்போது முடிப்பது என்று எழுதுங்கள். அடுத்த கூட்டம் சென்ற வாரத்துத் தீர்மானங்கள் என்ன ஆயின என்ற கேள்வியோடு தொடங்கட்டும். பெரியவர்கள் ஏற்ற வேலை நடக்கவில்லை என்றால் அவர்களே எழுந்து காரணம் சொல்ல வேண்டும். மூன்று பகுதித் தாளின் இரண்டாம் பகுதியில் உள்ள விஷயங்களில், குழந்தைகள் கேட்டதை ஏற்க முடியவில்லை என்றால், முடியவில்லை என்பதையும் ஏன் என்பதையும் ஒரு வாரத்துக்குள் நேரில் சொல்லுங்கள். மறுப்பைக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராமல் போவதைத்தான் அவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தவறான தீர்மானங்களும் வரும். உறங்கும் நேர விதியை ரத்து செய்வார்கள். விதியை மீறினால் விளையாட்டுப் பொருளைப் பறிப்பது என்று கடுமையான தண்டனையைக் கொண்டுவருவார்கள். யாருக்கும் காயம் ஏற்படாத வரை அந்தத் தீர்மானம் நடைமுறைக்கு வரட்டும். களைத்துப்போன குழந்தைகளே சில நாட்களில் மறுபடியும் பட்டியலில் அதை எழுதுவார்கள். அப்போது ‘நான் அன்றே சொன்னேனே’ என்ற வாக்கியத்தை எந்தப் பெரியவரும் சொல்லிவிடக் கூடாது. அது சொல்லப்பட்டால், அடுத்த முறை குழந்தைகள் தாங்கள் நினைப்பதற்கு வாக்களிக்காமல், பெரியவர் நினைப்பதற்கு வாக்களிப்பார்கள். பெரும்பான்மை ஒரு குழந்தையைத் தனிமைப்படுத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். எந்தத் தீர்மானமும் தனி ஒருவரின் மாண்பைக் குலைக்கக் கூடாது என்ற விதியை முதல் கூட்டத்திலேயே நிறைவேற்றி வைத்துக்கொண்டால், அதைச் சுட்டிக்காட்டும் உரிமை எல்லோருக்கும் இருக்கும்.

பெற்றோருக்கு

இப்படிப் பழகும் குழந்தை வீட்டிலும் காரணம் கேட்கும். சேர்க்கையின்போதே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுவது நியாயம். அவர்களை ஒருநாள் கூட்டத்துக்கு அழைத்து, பேசாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் வருவதற்குக் கூட்டத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். குழந்தை கூட்டத்தில் சொன்னதைப் பெற்றோரிடம் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் பள்ளியில் இருக்கக் கூடாது; சொல்ல வேண்டிய தேவை இருந்தால் குழந்தையின் முன்னிலையில் சொல்லுங்கள். வீட்டிலும் மூன்று பகுதித் தாளை வரைந்து பார்க்கலாம் என்று பெற்றோருக்கு யோசனை சொல்லலாம். ஆண்டு இறுதியில் கூட்டக் குறிப்பேட்டைக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து புரட்டி, பெரியவர்களின் யோசனைகளில் எவை மாறின, எவை தோற்றன, குழந்தைகளின் யோசனைகளில் எவை நடைமுறைக்கு வராமலே நின்றன என்று பட்டியலிடுங்கள். தாளில் உள்ள மூன்று பகுதிகளையும் அந்தப் பட்டியலின் துணையோடு அடுத்த ஆண்டுக்காகத் திருத்தி எழுதுங்கள்.